மலைமுடிகள் மூன்று

நுழையும்முன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முடிகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை ஊர்தியில் சென்று அடையலாம். ஒன்றை நடந்து அடையலாம். மற்றொன்றைக் கீழே நின்று காணமட்டும் இயலும். தாவரவியல் ஆசிரியர் ஒருவரும் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகளும் ஒரு பொங்கல் விடுமுறையில் இம்மூன்றையும் நாடிச் சென்ற பயணத்தைக் கூறுகிறது இக்கட்டுரை.

பெரிய மலை

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். மீசைப்புலிமலையின் உயரம் 2,640 மீட்டர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஓர் எளிய வீட்டின் சுவர் அளவே. ஆனைமுடியோ இவ்விரண்டையும் விஞ்சி 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதனினும் உயர்ந்த முடி இல்லை. இவ்வெண்களை அம்மாணவி தன் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஏறிய நாள்’ என்று ஒரு கட்டம் வரைந்திருந்தாள். மேட்டுப்பாளையத்தில் மலைப்பாதை தொடங்கியபோது மூன்று கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

தந்தையிடம் குறிப்பேடு எதுவுமில்லை. அவருக்கு முழங்கால் வலி இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் இப்பயணத்தை அவர் ஏன் தேர்ந்தார் என்பதை மகளிடம் அவர் அப்போது சொல்லவில்லை.

உதகையில் மார்கழிக் குளிர் தை பிறந்தும் விடவில்லை. விடியற்காலையில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி உப்பைத் தூவியதுபோல் படர்ந்திருந்தது. கதிரவன் மரங்களுக்கு மேல் எழுந்ததும் அவ்வெண்மை பின்வாங்கியது. நிழல் விழுந்த இடங்களில் மட்டும் மரங்களின் வடிவத்திலேயே சற்று நேரம் எஞ்சியிருந்தது. இந்த உறைபனியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு ஆசிரியர் மகளிடம் கூறினார். பின்னர் அது தேவைப்படும் என்றார்.

தொட்டபெட்டா என்றால் பெரிய மலை என்று பொருள். உதகையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் சாலை உச்சிவரை செல்கிறது. எனவே அங்கு ஏறினார்கள் என்று சொல்வதைவிட, ஊர்தியிலிருந்து இறங்கினார்கள் என்று சொல்வதே பொருந்தும். தொலைநோக்கி இல்லத்தின் முன் வரிசை நீண்டிருந்தது. சுண்டலும் தேநீரும் விற்பனையாயின. மலைமுடி என்பதைக் காற்று மட்டுமே நினைவூட்டிக்கொண்டிருந்தது. மகளின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் அவ்வரிசையில் எண்பது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றார். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடத்திலிருந்து சமவெளியைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கீழேயா நம்ம ஊரு!” என்று வியந்தார். சாலை இல்லையேல் அந்த வியப்பும் இல்லை. மலைச் சாலைகளைக் குறைகூறுவோர் இதையும் கணக்கில் கொள்வது நன்று.

கூட்டத்தைவிட்டுச் சற்று விலகிய சரிவில் சோலை தொடங்கியது. மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் நெருங்கி வளரும் குட்டையான காட்டுக்கே இம்மலைகளில் சோலை என்று பெயர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு முதல் ஆறரைப் பாகை குறையும். ஆகவே இங்கு மரங்கள் வானை நோக்கி விரைவதில்லை. காற்றுக்கு வளைந்தும் முறுக்கியும் மெல்ல வளர்கின்றன. கிளைகளின் மேல் பாசியும் மரக்காளானும் பற்றியிருக்கின்றன. குடை விரித்ததுபோன்ற தலைகளில் இளந்தளிர் சிவந்து காணப்படுகிறது. உள்ளிருந்து பலர் கூடிச் சிரிப்பதுபோன்ற ஓர் ஒலி எழுந்தது. பறவைதான், நீலகிரிச் சிலம்பன். கண்ணைச் சுற்றி வெண்கோடும் செம்பழுப்பு வயிறும் உடைய அது, புதரைவிட்டு வெளிவராமல் நெடுநேரம் சிரித்தது.

சோலை என்னும் நம் சொல் அறிவியலுக்கும் சென்றிருக்கிறது. இக்காடுகளின் தரையில் மறைந்து திரியும் நீலநிறச் சிறுபறவைகளுக்கு 2017இல் ஆய்வாளர்கள் ‘சோலிகோலா’ என்னும் புதிய பேரினப் பெயரைச் சூட்டினர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். உலகப் பறவைப் பட்டியல்களில் அவை இன்று ‘சோலைக்கிளி’ என்றே குறிக்கப்படுகின்றன.

நட்ட காடு

அன்று பிற்பகல் ஆசிரியர் மகளை உதகைக்கு மேற்கே எமரால்டு செல்லும் சாலையில் அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். சாலையோரத்தில் சீகை மரங்கள் அடர்ந்து நின்றன. மெலிந்த தண்டுகள், இறகுபோன்ற இலைகள், கீழே உதிர்ந்த சருகைத்தவிர வேறொன்றுமில்லை. பறவையொலியும் அங்கு இல்லை.

கல்லூரியில் பயின்ற நாளில், விடுமுறை முகாம் ஒன்றில் நண்பர்களோடு இப்பகுதிக்கு வந்து தாம் மரக்கன்று நட்டதை அப்போதுதான் அவர் மகளிடம் கூறினார். அன்று இது மரமில்லாத வெறும் புல்வெளியாக இருந்தது. தரிசு நிலத்தைக் காடாக்குகிறோம் என்ற பெருமிதத்தோடு ஒவ்வொருவரும் முப்பது கன்றுகள் நட்டனர். மாலையில் பாட்டும் சுண்டலும் இருந்தன. நட்ட கன்றுகள் சீகை, ஆத்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தோல் பதனிடுவதற்கு அதன் பட்டையும் எரிப்பதற்கு அதன் விறகும் பயன்பட்டமையால், ஆங்கிலேயர் காலம் தொட்டே நீலகிரியில் அது நடப்பட்டு வந்தது. கற்பூர மரமும் அவ்வாறே வந்தது.

“இந்த இடம்தானா அப்பா?” என்று மகள் கேட்டாள்.

“இதுவாகவும் இருக்கலாம். அடுத்த வளைவாகவும் இருக்கலாம். இப்போது எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது” என்றார் அவர்.

அது தரிசன்று என்பதை அவர் பின்னாளில் படித்தே அறிந்தார். காலையில் கண்ட உறைபனியின் கதை இங்குதான் வருகிறது. திறந்த சரிவுகளில் இறங்கும் உறைபனியும், கோடையில் பரவும் தீயும் சோலை மரக்கன்றுகளைப் பிழைக்கவிடா. மடிப்புகளுக்குள் ஈரமும் காப்பும் இருப்பதால் அங்கே சோலை, வெளியே புல். இரண்டும் அருகருகே, ஒன்றை ஒன்று விழுங்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருகின்றன. நீலகிரியின் சதுப்புகளில் படிந்துள்ள பழைய மண்ணை ஆராய்ந்தவர்கள் இதற்குச் சான்று கண்டுள்ளனர். புல்வெளி, காடு அழிந்து உண்டானதன்று. அதுவே ஒரு முழுமையான வாழிடம்.

மழைநீரைப் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் ஓடைகளுக்கு வழங்கும் தொழிலும் அப்புல்லுக்கு உண்டு. சீகை அந்நீரைத் தானே பருகிவிடுகிறது. வெட்டினால் அடிமரம் துளிர்க்கும். வேரோடு அகற்றினாலும், மண்ணில் உறங்கும் அதன் விதைகள் பல பத்தாண்டுகள் கழிந்தும் முளைக்கும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே தலைகாட்டுகின்றன என்பது உண்மை. சோலைக்கு அது நற்செய்தியாக இருக்கலாம். புல்லுக்கு அன்று.

மகள் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், “அப்போது யாருக்கும் தெரியாதா அப்பா?” என்று மட்டும் கேட்டாள். இம்மலையில் எருமை மேய்த்த தொதவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை எவரும் கேட்கவில்லை என்றார் அவர்.

கடலில்லாத் தீவுகள்

மறுநாள் நீலகிரியிலிருந்து இறங்கிக் கோயம்புத்தூர்ச் சமவெளியைக் கடந்து, உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு நோக்கிச் சென்றனர். காலையில் கம்பளியும் நண்பகலில் வியர்வையும் மாலையில் மீண்டும் கம்பளியுமாக அப்பயணம் அமைந்தது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மலைத்தொடர் அறுந்து கிடக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். மனிதர்க்கு அது வணிக வழி; பருவக்காற்றுக்கு நுழைவாயில். சோலைப் பறவைக்கோ அது கடத்தற்கரிய கடல். குளிரில் வாழப் பழகிய சிறுபறவை வெப்பமான அச்சமவெளியைக் கடந்து மறுகரை சேர்வதில்லை. ஆகவே கணவாயின் வடபால் வாழும் சோலைக்கிளியும் தென்பால் வாழும் சோலைக்கிளியும் காலப்போக்கில் வெவ்வேறு இனங்களாயின. சிலம்பன்களும் அவ்வாறே பிரிந்தன. நீலகிரியில் சிரித்த பறவையின் உறவினரை ஆனைமலைப் பகுதியில் கேட்கலாம். ஆனால் அது அதுவன்று.

அறிஞர்கள் இத்தகைய மலையுச்சிகளை வானத்தீவுகள் என்கின்றனர். சின்னாற்றின் வறண்ட முட்காட்டையும் மறையூரின் சந்தனக் காட்டையும் தாண்டி வண்டி மீண்டும் ஏறத்தொடங்கியபோது, மகள் சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிக் குளிர் தொடங்கும் இடத்தைத் தேடிக்கொண்டு வந்தாள்.

மீசைப்புலிமலை

மீசைப்புலிமலை இடுக்கி மாவட்டத்தில், தேனி மாவட்ட எல்லையை ஒட்டி நிற்கிறது. வனத்துறை சார்ந்த அமைப்பின் இசைவு பெற்று, வழிகாட்டியுடன் மட்டுமே அதில் ஏறலாம். இக்கட்டுப்பாட்டைத் தொல்லை எனக் கருதுவோர் உண்டு. இதே மலைப்பகுதியின் தமிழக முகமான குரங்கணியில், 2018 மார்ச்சு மாதம் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளையோர். காய்ந்த போதைப்புல் எவ்வளவு விரைவில் எரியும் என்பதை அறிந்த ஒருவர் உடனிருப்பது மலையில் வேண்டியதே.

குழுவில் பதின்மர் இருந்தனர். வழிகாட்டிகள் இருவர். மூத்தவர் முதுவர் குடியைச் சேர்ந்தவர். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது அம்மக்களின் மரபுவழிச் செய்தி. முகாமில் புறப்படுவதற்கு முன் அவர் அனைவரையும் நிறுத்தி, “செருப்பு, ஷூ எல்லாத்தையும் நல்லாத் தட்டிட்டு வாங்க. கீழேருந்து விதை ஒட்டிக்கிட்டு வரும்” என்றார். சிலர் சிரித்தனர். ஆசிரியர் குனிந்து காலுறையின் மடிப்புவரை பார்த்தார்.

ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுகள். ஒன்றின் தலையை அடைந்ததும் அதுவே உச்சி என்று தோன்றும். அடுத்தது அதற்குமேல் நிற்கும். முதற்குன்றின் சரிவில் காட்டுப்பூவரசுகள் பூத்திருந்தன. ரோடோடென்ட்ரான் என்று உலகம் அழைக்கும் மரம் இது. இதன் நெருங்கிய உறவினங்கள் இமயமலையில் வாழ்கின்றன. புல்வெளி நடுவே தனித்து நிற்கும் துணிவு சோலை மரங்களுள் இதற்கு உண்டு. வெடித்துத் தடித்த பட்டை தீயையும் பனியையும் தாங்கும். மூடுபனிக்குள் செங்கொத்துகள் முதலில் நெருப்புப்போலவும், அருகே சென்றதும் பூவாகவும் தெரிந்தன. வெள்ளைக்கண்ணிக் குருவிகள் பூவுக்குள் தலையை நுழைத்துத் தேனும் மகரந்தமுமாக வெளியே வந்தன.

பாதையில் யானைச் சாணம் கிடந்தது. இவ்வளவு உயரத்திற்கு யானை வருமா என்று ஒருவர் ஐயுற்றார். அதன் பாதையில்தான் நாம் நடக்கிறோம் என்றார் வழிகாட்டி. உண்மையில் அப்பாதை மிகவும் சீராக, செங்குத்தை விலக்கி, சரிவைச் சுற்றி ஏறியது. பொறியாளர் வகுத்த சாலைகளில் எல்லாம் இந்த நயம் இருப்பதில்லை. புல்லிலிருந்து நீலகிரி நெட்டைக்காலி ஒன்று சட்டென எழுந்து, சற்றுத் தொலைவில் இறங்கி ஓடியது. பழுப்பு நிறத்தில், சிட்டுக்குருவியைவிடச் சற்றே நீண்ட உடலுடன், காண்பதற்கு எளிய பறவை அது. இம்மலைகளின் உயர்ந்த புல்வெளிகளைத்தவிர உலகில் வேறெங்கும் அதற்கு வாழிடமில்லை. இதையெல்லாம் மகள் எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் கண் உச்சியிலேயே இருந்தது.

கடைசிக் குன்றுக்கு முன்னுள்ள தாழ்வில் ஆசிரியரின் முழங்கால் பணிந்துவிட்டது. சற்று அமர்ந்தால் சரியாகும் என்றார். சரியாகவில்லை. இளைய வழிகாட்டி மற்றவர்களை மேலே அழைத்துச் செல்வதென்றும், மூத்தவர் ஆசிரியருடன் தங்குவதென்றும் முடிவாயிற்று. மகள் தயங்கினாள். “நீ போய் வா. உச்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்” என்று அனுப்பிவைத்தார். அவள் விரைந்து ஏறினாள். மேகம் அவளை மறைத்தது.

தாழ்வில் காற்று குறைவு. வழிகாட்டி எழுந்து, பாதையோரம் விரலளவு நின்ற ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாறைமேல் உலர வைத்தார். ஆசிரியர் அதை எடுத்துப் பார்த்தார். இறகுபோன்ற இலை. சீகை.

“இங்கேயும் வந்துவிட்டதா?”

“தண்ணியில வருது, கால்ல வருது. பார்க்கிறப்போ பிடுங்கிடுவோம், சார்.”

ஆசிரியர் நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு மகளிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார். முகாம், முப்பது கன்று, பாட்டு எல்லாம். வழிகாட்டி வியப்படையவில்லை. “எங்கப்பாவும் கூலிக்கு நட்டவருதான், சார். ஒரு நாளைக்கு எத்தனை குழின்னு கணக்கு. நட்டது நீங்க மட்டுமா?” என்றார். அதன்பின் இருவரும் எழுந்து அத்தாழ்வைச் சுற்றித் தேடினர். மேலும் நான்கு செடிகள் அகப்பட்டன. ஒன்று ஆழமாக வேர்விட்டிருந்தமையால் அறுந்துவிட்டது. அடி துளிர்க்காமலிருக்க வழிகாட்டி கத்தியால் மண்ணைக் கிளறி எஞ்சிய வேரையும் எடுத்தார்.

மீண்டும் அமர்ந்தபோது வழிகாட்டி அவர் தோளைத் தொட்டார். எதிரே, நூறடிக்குள், பாறைவிளிம்பில் வரையாடுகள் நின்றன. எப்போது வந்தன என்று தெரியவில்லை. முதலில் ஒரு பெட்டை, பின்னே மூன்று, அவற்றின் கால்களுக்கிடையே இரண்டு குட்டிகள். சற்று மேலே முதிர்ந்த ஆண் ஒன்று தனியே நின்றது. கரும்பழுப்பு உடல், முதுகில் சேணம் பூட்டியதுபோல் நரைத்த திட்டு, பின்னோக்கி வளைந்த கொம்பு. குட்டி பிறந்து சில நாள்களே ஆகியிருக்கும். தாய் ஓர் எட்டில் தாண்டிய பிளவின் முன் அது நின்றது, கீழே பார்த்தது, பின்வாங்கியது. தாய் திரும்பிப் பார்க்கவுமில்லை, அழைக்கவுமில்லை, புல்லைக் கடித்தது. குட்டி இருமுறை முன்வந்து இருமுறை பின்வாங்கி, மூன்றாம் முறை தாண்டியது. பின்னங்கால் ஒன்று வழுக்கிப் பின் ஊன்றிக்கொண்டது. ஆசிரியர் தம் முழங்காலைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்தார்.

சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய விலங்கு இதுவே என்பர். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. பெயரில் ஆடாயினும், 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இது இமயத்து வரையாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று காட்டியது. வேட்டையால் இவ்வினம் ஒருகாலத்தில் நூறளவே எஞ்சியதாகக் கூறப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2023இல் இதன் பாதுகாப்புக்கெனத் தனித்திட்டம் தொடங்கியது. இன்று இரு மாநிலங்களிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் குறைவாகவே உள்ளன. ஒரு பெரிய பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அது. சிறுத்தையும் செந்நாயும் வந்தால் அவை செங்குத்துப் பாறையில் ஏறித் தப்பும். சீகைத் தோப்புக்குள் மேய்ச்சலும் இல்லை. தொலைவில் வரும் பகையைக் காணும் வெளியும் இல்லை.

மேலிருந்து குழுவினரின் பேச்சொலி கேட்டதும் ஆண் மூக்கால் சீழ்க்கையடித்தது. அனைத்தும் பாறைக்குப் பின் மறைந்தன.

மகள் சிவந்த முகத்துடன் ஓடிவந்தாள். உச்சியில் மேகம் விலகியதாம். கிழக்கே கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டங்களும், அவற்றுக்கும் கீழே போடிநாயக்கனூர்ச் சமவெளியும் தெரிந்தனவாம். வடமேற்கே யானையின் தலைபோல் ஒரு மலை இருந்ததாம். “அதுதான் ஆனைமுடி என்று அண்ணன் சொன்னார். நீங்கள் என்ன பார்த்தீர்கள் அப்பா?”

அவர் சொன்னார். அவள் சிறிதுநேரம் பாறைவிளிம்பையே பார்த்தபடி நின்றாள்.

ஆனைமுடி

ஆனைமுடி இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டைக்களமாக இருந்த அப்பகுதி, 1975இல் காட்டுயிர்ப் புகலிடமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. முடியில் ஏறியதாகப் பதிவு செய்யப்பட்ட முதல் மனிதர் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி, ஆண்டு 1862. அவருக்கு முன்பே மலைவாழ் மக்கள் ஏறியிருக்கக்கூடும். ஏறியதை எழுதிவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிராது.

இன்று பயணியர் இராசமலைவரை பூங்காவின் பேருந்தில் சென்று, வகுக்கப்பட்ட சாலையில் சிறிது தொலைவு நடந்து திரும்பலாம். உச்சிக்கு ஏற இசைவில்லை. இச்செய்தியை மகள் மூணாறு வந்த பின்னரே அறிந்தாள்.

“அவ்வளவு தொலைவு வந்து தொடாமல் போவதா? நான் எதையும் பறிக்கப்போவதில்லையே. நடந்து போய் நடந்து வரப்போகிறேன். அதில் என்ன கேடு?”

நேர்மையான கேள்வி. ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. இராசமலையில், கருஞ்சுவர்போல் எழுந்த ஆனைமுடியின் பாறைமுகத்திற்கு எதிரே நின்றபோதுதான் சொன்னார்.

அவ்வுச்சிப் பகுதியில் ஒரு தவளை வாழ்கிறது. 2010இல்தான் அறிவியல் உலகம் அதை அறிந்தது. கட்டைவிரல் அளவு, செம்மஞ்சள் நிறம், உடலெங்கும் சுரப்பிப் புடைப்புகள். குளம் குட்டை அதற்குத் தேவையில்லை. உச்சியில் வளரும் குட்டை மூங்கிலின் புதருக்குள் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமின்றி முட்டையிலிருந்து நேரே சிறு தவளையாகவே வெளிவரும். ஆனைமுடியைச் சூழ்ந்த மிக உயர்ந்த பகுதியே அதன் உலகம். ஒரு நகரத்தின் சில தெருக்கள் அளவுள்ள இடம் அது. பாதை விழுந்தால் மூங்கில் மிதிபடும். மிதியடியில் விதை ஏறும்.

“அது மட்டுமன்று” என்றார். “நிலம் சூடேறச் சூடேறக் குளிரில் வாழும் உயிர்கள் மலையில் மேல்நோக்கி நகர்கின்றன. அடிவாரத்தில் உள்ளது நடுமலைக்கு வரலாம். நடுமலையில் உள்ளது உச்சிக்கு வரலாம். உச்சியில் இருப்பது?”

மகள் முடியைப் பார்த்தாள். அதற்குமேல் வானம்தான் இருந்தது.

சாலையோரச் சரிவில் குறிஞ்சிப் புதர்கள் பூவின்றிப் பச்சையாக நின்றன. 2018இல் மலை முழுதும் நீலமாகப் பூத்து, விதை உதிர்த்து, முந்தைய தலைமுறைச் செடிகள் மடிந்தன. இவை அவ்விதைகளின் மக்கள், 2030இல் பூக்கும். அப்போது தான் கல்லூரிப் படிப்பை முடிக்கும் பருவத்தில் இருப்பதாக மகள் கணக்கிட்டாள். தமக்கு என்ன வயதாகும் என்பதை ஆசிரியரும் கணக்கிட்டிருக்கலாம், சொல்லவில்லை. சரிவில் கசிந்த நீர் சாலையைக் கடந்து மறுபக்கம் இறங்கியது. இம்மலையின் மேற்குச்சரிவில் விழும் துளி பெரியாற்றோடு அரபிக் கடலை அடைகிறது. கிழக்குச்சரிவில் விழுவது பாம்பாறாகி, அமராவதியாகி, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. அவர்கள் ஊர்க் குழாயில் வருவதும் அமராவதி நீரே.

இராசமலை வரையாடுகள் மனிதரைக் கண்டு ஒதுங்குவதில்லை. ஒரு பெட்டை குட்டியுடன் சாலைக்கே வந்து தடுப்புச்சுவரின் உப்பை நக்கியது. பயணியர் கைப்பேசிகளை உயர்த்தினர். காவலர் ஒருவர், “தொடாதீங்க, பத்தடி தள்ளி நில்லுங்க” என்று மலையாளம் கலந்த தமிழில் ஓயாது சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி ஈனும் காலத்தை முன்னிட்டு ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். இன்னும் சில நாள்களில் இந்தச் சாலையும் அவற்றுக்கே உரியதாகும்.

மகள் குறிப்பேட்டை எடுத்தாள். தொட்டபெட்டாவுக்கும் மீசைப்புலிமலைக்கும் நேரே நாள்களை எழுதியிருந்தாள். மூன்றாம் கட்டத்தின் தலைப்பில் இருந்த ‘ஏறிய’ என்னும் சொல்லை மெல்லிய கோட்டால் அடித்து, மேலே ‘கண்ட’ என்று எழுதி, அன்றைய நாளைக் குறித்தாள். பிறகு அடித்ததை மீண்டும் பார்த்தாள். அவளுக்கு அதில் முழு நிறைவு இருந்ததாகத் தெரியவில்லை.

பேருந்தின் ஒலி கேட்டது. மேகம் ஆனைமுடியின் நெற்றிவரை இறங்கியிருந்தது. உப்பு நக்கிய பெட்டை சாலையைவிட்டு எழுந்து பாறைச்சரிவில் ஏறத்தொடங்கியது. குட்டி அதன் பின்னே தாவிச் சென்றது. மகள் அவை மறையும்வரை பார்த்துவிட்டு, பேருந்தின் படியருகே வந்து, ஏறாமல் நின்றாள். தந்தை என்னவென்று கேட்டார்.

“ஷூவைத் தட்டிவிட்டு வருகிறேன் அப்பா” என்றாள்.